களர் நிலத்தை மீட்கலாமா, விட்டுடலாமா? மண் ரிப்போர்ட்டையும் கணக்கு நோட்டையும் சேர்த்துப் பார்க்க அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்க நிலம் திருச்சிக்கு தெக்க இருக்கு, அஞ்சு ஏக்கர்ல ரெண்டு ஏக்கர் களர். மழை பேஞ்சா சோப்பு மாதிரி வழுக்கும், காஞ்சா மம்பட்டியே எகிறும். அதை சரி பண்ண போய் ஒரு தடவை நல்லா அடி வாங்கி, அப்புறம் கணக்கு போட்டு செஞ்சு இப்ப ஓரளவு பரவாயில்ல. அதுல இருந்து போன்லயும் நேர்லயும் கேக்கறவங்களுக்கு ஒரே பதிலை திரும்ப திரும்ப சொல்றேன், அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன்.

கே: என் நிலம் களரா உவரா எப்படி தெரிஞ்சுக்கறது? ரெண்டும் ஒண்ணுதானே?

ஒண்ணு இல்ல, இந்த ஒரு குழப்பத்துலயே பாதி பேர் காசை விடறாங்க. உவர் நிலத்துல கரையற உப்பு ஜாஸ்தி, மேல வெள்ளையா பூத்து நிக்கும், அங்க இசி (மின்கடத்துதிறன்) 4க்கு மேல, பிஹெச் 8.5க்கு கீழ. களர்ல உப்பு அவ்வளவா இல்ல, ஆனா மண்ணோட சோடியம் ஒட்டிக்கிட்டு இருக்கும், பிஹெச் 8.5க்கு மேல, சோடியம் பங்கு அதாவது இஎஸ்பின்னு சொல்றாங்களே அது 15 சதவீதத்துக்கு மேல. ரெண்டும் கலந்த களர்-உவரும் உண்டு. உவருக்கு நல்ல தண்ணி விட்டு கழுவி வடிச்சா போதும், ஜிப்சம் போடறது வீண். களருக்கு வெறும் தண்ணியால கழுவினா ஒண்ணும் நடக்காது, ஜிப்சத்துல இருக்கற கால்சியம் போய் சோடியத்தை தள்ளி விடணும், தள்ளினதை அப்புறம் தண்ணி விட்டு வெளிய வடிக்கணும்.

லேபுக்கு போறதுக்கு முன்னாடி வீட்லயே ஒண்ணு பண்ணலாம். ஒரு பழைய தண்ணி பாட்டில்ல கால்வாசி மண்ணு போட்டு, மழைத்தண்ணி ஊத்தி நல்லா குலுக்கி ராத்திரி பூரா அசைக்காம வைங்க. காலைல மண்ணு அடியில படிஞ்சு மேல தண்ணி தெளிஞ்சிருந்தா பயம் கம்மி. பால் விட்ட டீ மாதிரி கலங்கலாவே நின்னுச்சுன்னா களரா இருக்கறதுக்கு வாய்ப்பு நெறைய. எங்க கிழக்கு வயல் மண்ணு மூணு நாள் ஆகியும் தெளியல. போர் தண்ணியில பண்ணாதீங்க, அதுல இருக்கற உப்பே மண்ணை படிய வெச்சு உங்களை ஏமாத்திடும்.

கே: மண்வள அட்டை இருக்கு அண்ணே, அதுவே போதாதா?

அட்டை 2015ல ஆரம்பிச்ச திட்டம், 12 விஷயம் இருக்கும், தழை மணி சாம்பல், கந்தகம், நுண்ணூட்டம், பிஹெச், இசி, அங்கக கரிமம் எல்லாம். உரம் எவ்வளவு போடறதுன்னு முடிவு பண்ண நல்ல பேப்பர்தான். ஆனா நிலத்தை மீட்கற முடிவுக்கு ரெண்டு ஓட்டை இருக்கு.

ஒண்ணு, அதுல இஎஸ்பி கிடையாது, ஜிப்சம் தேவையும் கிடையாது, அதை தனியா கேட்டு வாங்கணும். ரெண்டாவது, மாதிரி எடுத்ததே பாசன நிலத்துல ரெண்டரை ஹெக்டேருக்கு ஒண்ணு, மானாவாரியில 10 ஹெக்டேருக்கு ஒண்ணுங்கற கட்ட அளவுல. அதாவது பாசனத்துல ஆறு ஏக்கருக்கு மேல ஒரே மாதிரி, அந்த மண்ணு உங்க வயல்ல எடுத்ததா பக்கத்து வயல்ல எடுத்ததான்னு கூட தெரியாது. களர்ங்கறது திட்டு திட்டா வர்ற சமாச்சாரம், ஒரே வயல்ல மேல்பக்கம் நெல்லு விளையும், பள்ளத்துல புல்லு கூட முளைக்காது.

அதனால நீங்களே எடுங்க. மோசமான திட்டு, சுமாரான இடம், நல்ல இடம்னு மூணா பிரிச்சு ஒவ்வொண்ணுலயும் 10, 15 இடத்துல ஆங்கில வி எழுத்து மாதிரி 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, ஓரத்து மண்ணை சீவி எடுத்து, ஒண்ணா கலந்து, நாலா பிரிச்சு எதிரெதிர் ரெண்டு பங்கை தள்ளி தள்ளி அரை கிலோவுக்கு கொண்டு வாங்க. வரப்பு ஓரம், மரத்தடி, எருக்குழி பக்கம் வேண்டாம். மூணையும் ஒரே பையில கலந்துட்டீங்கன்னா மூணுமே பொய்யாயிடும்.

இன்னொண்ணு, இசி 4ங்கற கணக்கு மண்ணை தண்ணியில குழைச்சு அதுல இருந்து பிழிஞ்ச சாறுல பார்க்கறது. நம்ம பக்கம் நெறைய லேப்ல ஒரு பங்கு மண்ணுக்கு ரெண்டு பங்கு தண்ணின்னு கரைச்சு பார்க்கறாங்க, அதுல நம்பர் கம்மியாத்தான் காட்டும். எந்த முறைன்னு லேப்லயே கேட்டுக்கங்க, "ஒண்ணரைதானே வந்திருக்கு"ன்னு சந்தோஷப்பட்டுட்டு வந்துடாதீங்க.

கே: முதல்ல எந்த டெஸ்ட் எடுக்கணும், காசு ஒண்ணுக்குத்தான் இருக்கு?

தண்ணி. சத்தியமா தண்ணிதான்.

நான் அடி வாங்கினது இங்கதான். மண்ணை மட்டும் டெஸ்ட் பண்ணிட்டு, ஒருத்தர் சொன்னாருன்னு லாரியில மூணு டன் ஜிப்சம் இறக்கி போட்டு, உழுது, தேக்கி, வடிச்சு, முதல் வருஷம் பயிர் நல்லா பச்சையா நின்னுச்சு, ஊரே வந்து பார்த்துச்சு. ரெண்டாவது வருஷம் பழைய மாதிரி மண்ணு கட்டி கட்டியா இறுகிப்போச்சு. அப்புறம்தான் போர் தண்ணியை கொண்டு போனேன், ஆர்எஸ்சி 5க்கு மேல. ஆர்எஸ்சின்னா தண்ணியில இருக்கற கார்பனேட், பைகார்பனேட்ல இருந்து கால்சியம் மெக்னீசியத்தை கழிச்சா மிச்சம் வர்றது. 1.25க்குள்ள இருந்தா பயமில்ல, 2.5 வரைக்கும் ஜாக்கிரதையா பாய்ச்சலாம், அதுக்கு மேல பாசனத்துக்கே ஆகாதுன்னு வெச்சிருக்காங்க. என் போரு நான் போட்ட கால்சியத்தை சுண்ணாம்பா படிய வெச்சுட்டு புதுசா சோடியத்தை ஏத்திக்கிட்டு இருந்திருக்கு. ஒரு பக்கம் இறைக்கறேன், ஒரு பக்கம் ஊத்தறேன்.

இப்ப தொட்டியில ஜிப்சம் கட்டி போட்டு அது மேல தண்ணியை ஓட விட்டு பாய்ச்சறேன், மழைத்தண்ணியை முடிஞ்ச வரைக்கும் வயல்லயே தேக்கறேன். அந்த தொட்டி செலவும் வருஷா வருஷம் போடற ஜிப்சமும் கணக்குல ஏறணும், அது இல்லாத கணக்கு கணக்கே இல்ல.

கே: எத்தனை டன் ஜிப்சம்? கடைக்காரர் ஏக்கருக்கு ஒரு டன்ங்கறார், பக்கத்து வயல்காரர் நாலுங்கறார்.

ரெண்டு பேருமே குத்துமதிப்பா சொல்றாங்க. கணக்கு இப்படி: ஒரு ஏக்கர்ல மேல் 15 செ.மீ. மண்ணோட எடை சுமார் 900 டன். அந்த மண்ணுல 100 கிராமுக்கு ஒரு மில்லி ஈக்விவலன்ட் (லேப்ல சோடியத்தை அளக்கற அலகு) சோடியத்தை வெளியேத்த சுத்தமான ஜிப்சம் சுமார் 780 கிலோ வேணும். உங்க மண்ணுல எத்தனை மில்லி ஈக்விவலன்ட் வெளிய போகணும்னு லேப் சொல்லும், அதை பெருக்கினா முழுத்தேவை. நெல்லுக்கு முழுத்தேவையில பாதி போட்டாலே போதும்னுதான் வேளாண் பல்கலைக்கழகம் சிபாரிசு பண்ணுது, ஏன்னா நெல்லு தண்ணியில நின்னு தானும் கொஞ்சம் வேலை பார்க்கும். லேப் நாலு டன்னுன்னா நீங்க போடறது ரெண்டு. மூட்டையில சுத்தம் எத்தனை சதவீதம்னு கேளுங்க, 70 சதவீத சரக்குன்னா ரெண்டு டன்னுக்கு பதிலா ஏறக்குறைய 2.9 டன் வாங்கணும். விலை கம்மின்னு வாங்கி லாரி வாடகையில விட்டவங்க உண்டு.

கே: சாட்டிலைட் படம் பார்த்து முடிவு பண்ணலாம்னு சொல்றாங்களே, அது நமக்கு ஆகுமா?

ஆகும், அளவோட. சென்டினல்-2ன்னு ஐரோப்பிய சாட்டிலைட், 2015ல இருந்து படம் ஓசியில கிடைக்குது, அஞ்சு நாளைக்கு ஒரு தடவை நம்ம தலைக்கு மேல போகும், ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர். ஒரு ஏக்கர்ல 40 புள்ளி விழும், அது ஒரு திட்டை பிரிச்சு பார்க்க போதும். லேண்ட்சாட் இன்னும் பழசு, 80கள்ல இருந்து பார்க்கலாம், ஆனா புள்ளி 30 மீட்டர், ஏக்கருக்கு நாலஞ்சு புள்ளிதான்.

பச்சை எவ்வளவுன்னு காட்டற என்டிவிஐ படத்தை சம்பா பயிர் தழைச்சு நிக்கற சமயத்துல, ஒவ்வொரு வருஷமும் ஒண்ணுன்னு ஒரு அஞ்சு வருஷத்துக்கு எடுத்து பக்கத்துல பக்கத்துல வைங்க. வருஷா வருஷம் அதே இடம் வெளுத்திருந்தா அது மண்ணோட கோளாறு. வெளுத்த இடம் மாறிக்கிட்டே இருந்தா அது தண்ணி பாயாதது, நடவு லேட்டானது, பூச்சி, இல்ல நம்ம சோம்பேறித்தனம், அதுக்கு ஜிப்சம் வாங்கினா ஏமாந்தீங்க. ஐப்பசி கார்த்திகையில மேகம் மறைச்சு படமே கிடைக்காது, மார்கழி தை படத்தை தேடுங்க.

படம் பார்த்து மண்ணு பிஹெச் சொல்ல முடியாது. எங்க தோண்டணும்னுதான் சொல்லும்.

கே: சரி, காசு கணக்குக்கு வாங்க. போட்ட காசு திரும்புமா?

இதுக்குத்தான் இவ்வளவு நேரம். ஒரு ஏக்கர் களர், ஒரு போகம் நெல்லுன்னு வைங்க. நம்பரெல்லாம் உதாரணத்துக்கு, உங்க நம்பரை நீங்க போட்டுக்கங்க. சமன் பண்றது, வரப்பு, வடிகால், ஜிப்சம் எல்லாம் சேர்ந்து ஆரம்பத்துல 40,000. சாகுபடி செலவு 25,000. 2025-26க்கு மத்திய அரசு வெச்ச சாதா ரக நெல்லு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369, அப்ப பத்தரை குவிண்டால் தாண்டினாத்தான் அந்த வருஷ செலவே வரும். முதல் வருஷம் எட்டு, எட்டரை குவிண்டால்தான் வரும்னு வெச்சா கையில இருந்து 5,000 போகுது. ரெண்டாவது வருஷம் 6,000 மிச்சம், மூணாவது 14,000, நாலாவது 20,000, அஞ்சாவது 22,000.

சும்மா கூட்டி கழிச்சா அஞ்சு வருஷத்துல 17,000 லாபம், ஆஹான்னு இருக்கும். ஆனா அந்த 40,000 எங்கேருந்து வந்துச்சு? வட்டியை சேர்த்து இன்னைக்கு மதிப்புக்கு கொண்டு வந்து பாருங்க. வருஷம் 7 சதவீத கடன்னா லாபம் 3,000க்கு சுருங்குது. ஒரு வட்டிக்கு, அதாவது வருஷம் 12 சதவீதத்துக்கு வாங்கினா 4,500 நஷ்டம். ரெண்டு வட்டின்னா, அதாவது வருஷம் 24 சதவீதம்னா, 16,800 நஷ்டம்.

அதே மண்ணு, அதே ஜிப்சம், அதே மழை. வட்டி மட்டும்தான் மாறுச்சு.

இப்ப இதையே எட்டு வருஷத்துக்கு இழுத்து பாருங்க, ஆறு ஏழு எட்டுலயும் அதே 22,000 வருதுன்னு. ஒரு வட்டிக்காரருக்கு 25,000 லாபமா மாறிடுது. ரெண்டு வட்டிக்காரர் எட்டு வருஷம் கழிச்சும் 2,000 நஷ்டத்துலதான் நிக்கறார். மீட்பு தப்பா போச்சுன்னு ஊர்ல சொல்ற பல கதையில மண்ணு மேல தப்பே இருக்காது, கடன் பத்திரத்துலதான் இருக்கும்.

கே: கணக்கு லாபம்னு காட்டுது, ஆனாலும் பயமா இருக்கு. வேற என்ன பார்க்கணும்?

குழி எவ்வளவு ஆழம்னு பாருங்க. மேல சொன்ன கணக்குல வட்டியே இல்லாம பார்த்தாலும் முதல் வருஷ முடிவுல 45,000 வெளிய நிக்குது, மூணாவது வருஷம் முடியும்போது கூட 25,000 பாக்கி, அஞ்சாவது வருஷ அறுப்புலதான் தலை வெளிய வருது. இடையில ஒரு கல்யாணம், ஒரு ஆஸ்பத்திரி, பிள்ளைங்க காலேஜ் பீஸ் வராம இருக்குமா? வந்தா நீங்க செய்யறது என்ன, மூணாவது வருஷம் தொட்டிக்கு ஜிப்சம் வாங்க மாட்டீங்க, வடிகால் தூர் வார மாட்டீங்க, பழையபடி ஆயிடும். அதனால நல்ல வயல் வருமானம் இந்த குழியை தாங்குமான்னு பார்த்து அதுக்கு தகுந்த அளவு நிலத்தைத்தான் எடுக்கணும். நான் ரெண்டாவது தடவை அரை ஏக்கர்தான் எடுத்தேன், சித்தப்பா சிரிச்சாரு. மூணு வருஷம் கழிச்சு அடுத்த அரை ஏக்கர்.

கே: மானியம் கிடைச்சா கணக்கு மாறாதா?

மாறும், கிடைச்சா. வேளாண் துறை ஆப்ல பாருங்க, வேளாண் விரிவாக்க மையத்துல கேளுங்க, பேரை பதிஞ்சு வைங்க. ஆனா கணக்குல மானியத்தை பூஜ்யம்னு போடுங்க. பூஜ்யம்னு போட்டும் நிக்கற கணக்குதான் நல்ல கணக்கு.

கே: குத்தகை நிலம் எனக்கு. நானும் செய்யலாமா?

எழுத்துல எட்டு வருஷம் இருந்தா யோசிக்கலாம். வாய் வார்த்தை குத்தகைன்னா வேணாம். அஞ்சாவது வருஷம் நிலம் நல்லாயிடுச்சுன்னு பார்த்ததும் உடைமைக்காரர் குத்தகையை ஏத்துவாரு, இல்ல "தம்பி ஊருக்கு வர்றான், நாங்களே பார்த்துக்கறோம்"பாரு. செலவு உங்களோடது, பலன் அவரோடது. ஜிப்சம் செலவை அவரும் பாதி ஏத்துக்கணும், இல்ல முதல் மூணு வருஷம் குத்தகையை விட்டுத்தரணும், அப்படி பேசி எழுதி வாங்கிட்டு இறங்குங்க.

கே: இப்படி டேட்டா வெச்சு பெரிய அளவுல எங்கயாவது செஞ்சிருக்காங்களா?

உத்தரப் பிரதேசத்துல. நாட்டுல உப்பு பாதிச்ச நிலம் மொத்தம் 67 லட்சம் ஹெக்டேர், அதுல 37 லட்சத்துக்கு மேல களர்தான், கங்கை சமவெளியில நெறைய. தமிழ்நாட்டுக்குன்னு சொன்னா சுமார் மூணரை லட்சம் ஹெக்டேர் களர். ஜிப்சம் முறையை வயல்ல செஞ்சு காட்டினது ஹரியானா கர்னால்ல 1969ல ஆரம்பிச்ச மண் உவர்ப்பு ஆராய்ச்சி நிலையம். உ.பி.யில 1993ல உலக வங்கி கடன் வாங்கி களர் மீட்பு திட்டம் ஆரம்பிச்சாங்க, லக்னோவுல இருக்கற தொலையுணர்வு மையம் சாட்டிலைட் படத்தை வெச்சு நிலத்தை மூணா பிரிச்சுது. ரெண்டு போகம் சுமாரா வர்றது பி பிளஸ், ஒரு போகம் மட்டும் வர்றது பி, ஒண்ணுமே முளைக்காதது சி. எந்த வகைக்கு எவ்வளவு ஜிப்சம், எவ்வளவு செலவுங்கறது அதுல இருந்து.

எனக்கு அதுல பிடிச்சது அந்த பிரிப்புதான். நம்ம ஆளுங்க எப்பவும் சியை பார்த்துதான் ரோஷப்படுவோம், கண்ணுக்கு வெளுத்து தெரியுதே. ஆனா காசு சீக்கிரம் திரும்பறது பி பிளஸ்லயும் பியிலயும்தான். கொஞ்சம் செலவு பண்ணா பத்து குவிண்டால் பதினாறாகும். அங்கயும் எல்லாம் சுபம்னு இல்ல, கால்வாய் கசிவு இருந்து நிலத்தடி நீர் மேல நின்ன இடங்கள்ல மீட்ட நிலம் திரும்ப களராப் போச்சு. வடிகால் இல்லாத இடத்துல ஜிப்சம் போடறது ஓட்டைப் பானையில தண்ணி ஊத்தற மாதிரின்னு சொல்ல வந்தேன், உண்மையில அடைச்ச பானை. வெளிய போக வழியே இல்ல.

கே: அப்ப அந்த சி மாதிரி மோசமான மூலையை என்ன பண்றது?

விட்டுடுங்க. நிஜமாத்தான் சொல்றேன். பள்ளமா இருந்தா பண்ணைக்குட்டை வெட்டலாம், மேட்டு வயல்ல இருந்து வடியற தண்ணி அங்க போகட்டும், ஆனா அதை திரும்ப பாய்ச்சறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணுங்க, சோடியம் அங்கதான் போய் சேர்ந்திருக்கும். இல்லன்னா நாட்டுக் கருவேலம், சவுக்குன்னு தாங்கற மரத்தை வைங்க. எங்க தென்கிழக்கு மூலை 20 சென்டு, நெல்லுக்கு கணக்கு போட்டா பத்து வருஷத்துலயும் காசு திரும்பல, இப்ப ஆடு மேயுது.

கே: மண்ணுல கரிமத்தை சேர்த்து வெச்சா அதுக்கு காசு தருவாங்களாம், கார்பன் கிரெடிட்னு ஒரு கம்பெனிக்காரர் வந்து பேசினார்...

கணக்கு போடுவோம். ஏக்கருக்கு 900 டன் மண்ணு, அங்கக கரிமம் 0.3 சதவீதத்துல இருந்து 0.4 சதவீதத்துக்கு ஏறுச்சுன்னா 900 கிலோ கரிமம் கூடியிருக்கு, கார்பன் டை ஆக்சைடா மாத்தினா 3.3 டன். டன்னுக்கு 1,000 ரூபான்னு தாராளமாவே வெச்சாலும் 3,300. களர்ல அந்த 0.1 ஏற அஞ்சு வருஷம்னு வைங்க, வருஷத்துக்கு 660 ரூபா, அதுலயும் டெஸ்ட் செலவு, இடைத்தரகு போகணும். டீ செலவு. அங்கக கரிமத்தை ஏத்துங்க, வேணாம்னு சொல்லல, அது தண்ணியை பிடிக்கும், மண்ணை பொலபொலன்னு ஆக்கும், காசு நெல்லு வழியா வரும். கிரெடிட்டை நம்பி கையெழுத்து போட்டு எத்தனை வருஷத்துக்கு நிலத்தை கட்டிக் கொடுக்கறீங்கன்னு பத்திரத்துல படிங்க.

கே: எக்செல் எல்லாம் தெரியாது, நோட்டு போதுமா?

தாராளமா. இடது பக்கம் செலவு, வலது பக்கம் வரவு, ஒவ்வொரு திட்டுக்கும் தனி பக்கம். வீட்டு ஆளுங்க வேலை செஞ்சதையும் கூலியா எழுதுங்க, அம்மா களை எடுத்தது ஓசி இல்ல. அறுப்பப்ப மோசமான திட்டு நெல்லை தனியா தூத்தி எடை போடுங்க, எல்லாத்தையும் ஒரே குவியலா கொட்டினா எந்த திட்டு தேறுச்சுன்னு தெரியவே தெரியாது. விலைக்கு போன வருஷ நல்ல விலையை போடாதீங்க, அஞ்சு வருஷத்துல மோசமான வருஷத்து விலை எதுவோ அதை போடுங்க.

கே: எப்ப ஆரம்பிக்கணும்?

சித்திரை வைகாசியில, நிலம் காஞ்சு கிடக்கும்போது மண்ணும் தண்ணியும் டெஸ்டுக்கு கொடுத்துடுங்க. ரிப்போர்ட் வர்றதுக்குள்ள சமன் பண்ணி, வரப்பை உசத்தி, வடிகால் வெட்டி வைங்க. ஜிப்சத்தை தூவி மேலாக உழுது, நல்ல தண்ணியோ மழைத்தண்ணியோ நாலஞ்சு விரக்கடைக்கு தேக்கி, சில நாள் நிக்க விட்டு வடிச்சு விடணும், ரெண்டு மூணு தடவை. அப்புறம் தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதைச்சு 45 நாள்ல பூக்கறதுக்கு முன்னாடி மடக்கி உழுதுட்டு நடவுக்கு போகலாம். ரகம் திருச்சி 1, திருச்சி 3 மாதிரி களர் தாங்கறது, நாவலூர் குட்டப்பட்டு வேளாண் கல்லூரியில இதுக்குன்னே உருவாக்கினது, அந்த கல்லூரி நிலமே களர்தான். வெள்ளைப் பொன்னி மேல ஆசை இருந்தா மூணாவது வருஷம் பார்த்துக்கலாம்.

மாதிரி எடுத்த இடத்தை போன்ல லொகேஷனோட போட்டோ எடுத்து வைங்க, ரெண்டு வருஷம் கழிச்சு அதே இடத்துல, அதே மாசத்துல, அதே லேப்ல திரும்ப கொடுக்கணும். அந்த பாட்டில் மண்ணையும் கொட்டிடாதீங்க. தேதி எழுதி ஜன்னல்ல வெச்சா அடுத்த வருஷ பாட்டிலோட பக்கத்துல வெச்சு பார்க்கலாம், எங்க வீட்ல இப்ப நாலு நிக்குது, கடைசி ரெண்டுல மேல் பாதி தெளிஞ்சிருக்கு.